மூன்றாம் வகுப்பில் சரோஜினி

வெள்ளவத்தை,
12-7-1936

தம்பி கனகசூரியத்துக்கு அண்ணன் நாகேந்திரம் எழுதிக்கொள்வது.

சிரம்பானில் நீயும் மனைவி பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பென்சனோடு சேர்த்து மூட்டுவலியும் தந்து அனுப்பினார்கள். இரண்டும் மாதா மாதம் தவறாமல் வருகின்றன. சின்னவன் கலியாணம் முடிந்து இரண்டு மாதமாகிறது. மருமகள் எங்களோடுதான் இருக்கிறாள். இடியப்பம் அவிக்கிறாள். அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், இன்று எழுதினால் மரியாதைக் குறைவாகப் போய்விடும்.

எழுத்து விளங்காமல் நீ கண்ணாடியைத் தேடியிருப்பாய். வழக்கமாக நான் கிறுக்கித் தருவதைச் சரோஜினி சுத்தமாகப் பிரதி பண்ணுவாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்க முடியாது. விஷயமே அவள்தான்.

உன் அக்காவுக்கு நாற்பத்தாறாவது வயதில் ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை பிடித்திருக்கிறது. தனியாக. ஆண் துணை இல்லாமல், ரயிலில் மூன்றாம் வகுப்பில், மூன்று கிழமைக்கு. கதிர்காமம், திருக்கேதீச்சரம் என்று ஏதாவது தலமாக இருந்தால் பக்தி முற்றிவிட்டது என்று பேசாமல் இருந்திருப்பேன். போன ஞாயிறு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணை, சின்னவன்ர கலியாணமும் முடிஞ்சுது. வாற மாதம் நான் ஒருக்கா வெளிக்கிட்டுப் போட்டு வரப் போறன்" என்றாள். யாழ்ப்பாணத்துக்கோ என்று கேட்டேன். "இல்லை, எல்லா இடமும்" என்றாள். எல்லா இடமுமாம்! சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்குள் இரண்டு மதகில் உட்கார்ந்து இளைப்பாறுகிற மனுஷி.

நான் சிரித்துவிட்டு மோர் கேட்டேன். மோரை வைத்துவிட்டுப் போய் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் இலங்கையை வரைந்திருக்கிறாள், எலி கடித்த மாங்காய் மாதிரி. அதைச் சுற்றி அம்புக்குறிகள். முதலில் காலி. அங்கிருந்து திரும்பி அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. பிறகு கண்டி. கடைசியில் திருகோணமலை, அதற்கு வடக்கே நிலாவெளி என்று ஒரு கிராமம். காலிக்குப் போய்க் கடலில் இறங்க மாட்டாளாம், பார்ப்பது மட்டும்தானாம். ஏனென்றால் இந்த மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் குளம் போலக் கிடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறாள். கடலுக்கு யார் இவளிடம் அட்டவணை கொடுத்தார்களோ தெரியாது. கண்டிக்குப் பெரஹரா யானை ஊர்வலம் முடிந்த பிறகுதான் போவாளாம், அந்த நாட்களில் தங்க இடம் கிடையாதாம், கிடைத்தாலும் யானை விலையாம். பெரஹரா முடியும்வரை பொறுத்திருந்து கண்டிக்குப் போகும் ஒரே ஒரு சென்மம் உன் அக்காவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் எங்கே படித்தாள் என்று கேட்கிறாயா? கொட்டாஞ்சேனையில் நிக்கலஸ் என்று ஒரு பென்சன் எடுத்த ரயில் கார்ட் இருக்கிறான். பெரியவனோடு அவன் மகன் ஒரே வகுப்பில் படித்தவன். பஸ்ஸும் டிராமும் மாறி மாறிப் போய், அந்த மனிதனின் வீட்டு விறாந்தையில் மூன்று தரம் உட்கார்ந்து எல்லா வண்டி நேரங்களையும் பிரதி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! "மூண்டாம் வகுப்பில போனா பசிக்காது அம்மா, ஆராவது பொட்டலத்தைப் பிரிச்சு உங்களுக்கும் நீட்டுவினம். முதலாம் வகுப்பில பேப்பரைத்தான் விரிப்பினம்" என்று அவன் சொன்னானாம். இருபத்தெட்டு வருஷம் பச்சைக் கொடி காட்டியவனின் தத்துவம்.

தங்குவதற்கு ஒரு இடத்திலும் காசு கொடுப்பதில்லை என்பதுதான் திட்டத்தின் சாரம். காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஸவாஹிரை உனக்குத் தெரியாது. இவள் தையலுக்கு நூலும் பித்தானும் வாங்குவது அங்கேதான். அவர், "எங்கட தாத்தா காலிக் கோட்டைக்குள்ள ஈக்கிறா, எத்தின நாள் எண்டாலும் நிண்டுட்டு வாங்க, சல்லி கில்லி ஒண்டும் வாணாம்" என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட மருமகள் பயந்து என்னிடம் ஓடி வந்தாள், மாமி யாரோ ஒரு கிழவரின் வீட்டில் போய்த் தங்கப் போகிறா என்று. அவர்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள் என்பதை விளங்கப்படுத்தவே எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அட்டனில் யார் என்றால் மயிலம்மா. பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாளே, அந்த ஆயாதான். இப்போது மகனோடு தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறாளாம். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கந்தோரில் இருந்து தலைமைக் கிளாக்காக ஓய்வு பெற்றவனின் தங்கை லயத்தில் படுத்து எழும்பப் போகிறாள். படுத்த இடத்துக்குக் கைம்மாறாக வீட்டுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுப்பாளாம். வறுத்த மாவும் சர்க்கரையும் கட்டிக்கொண்டு போவாளாம், குழைத்துச் சாப்பிடத் தேங்காய் எங்கேயும் கிடைக்குமாம்.

யோசித்துப் பார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குத் தனியாகப் போன கதை உண்டா? இவள் என்னோடு இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருக்கிறாள். என் மனைவி சின்னவனைப் பெற்றுப் போட்டுக் கண்ணை மூடினாள், பதினோராம் நாள் இவள் வந்தாள். அன்று முதல் எதற்காவது குறை விட்டேனா? வருஷத்துக்கு இரண்டு சேலை, தீபாவளிக்கு ஒன்று வேறு. பிறகு எதைப் பார்க்க ஊர் சுற்ற வேண்டும்?

நீ சொன்னால் கேட்பாள். உன்னிடம் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை. உடனே எழுது. கப்பல் பிந்தினாலும் பாதகமில்லை, போனால் மூன்றாம் நாள் காலியிலிருந்து அழுதுகொண்டு திரும்பி வரத்தான் போகிறாள். அப்போது உன் கடிதம் புத்தியாக இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன் நாகேந்திரம்


வெள்ளவத்தை,
20-8-1936

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அக்கா போகட்டும் அண்ணா, பாவம்" என்று இரண்டு வரியில் எழுத முத்திரைக் காசு வீண் பண்ணியிருக்கத் தேவையில்லை. மலாயாவில் உங்களுக்கு எல்லாம் பாவமாகத்தான் தெரியும். இங்கே வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவன் நான்.

போய்விட்டாள். ஐந்தாம் தேதி காலையில், ஒரு பிரம்புப் பெட்டியும் ஒரு பையும். பெட்டி மருமகளுடையது. வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஒரு கட்சி இருந்திருக்கிறது, நான்தான் அறியவில்லை. சின்னவன் ஸ்டேஷன்வரை போய் வண்டியேற்றிவிட்டு வந்து, மாமி ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துவிட்டா என்று பெரிய சாதனை போலச் சொன்னான். நான் வாசலுக்கு வரவில்லை. முதுகு பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தபாலட்டை வந்தது. காலிக் கோட்டை மதிலில் நடந்தாளாம். அலை மதிலுக்கு மேலே ஏறி அடித்து முகமெல்லாம் நனைந்துவிட்டதாம். பஹ்மியா என்கிற அந்தத் தாத்தா வெயிலுக்குக் குடை கொடுத்தாவாம், குடையைக் காற்று திருப்பிப்போட்டதாம், இரண்டு பேரும் சிரித்தார்களாம். நாற்பத்தாறு வயதில் குடை திரும்பியதற்குச் சிரிப்பு. அட்டையில் என் மூட்டுவலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எண்ணெய்ப் போத்தல் அலுமாரியின் இரண்டாம் தட்டில் என்று ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். வழக்குப் பேசும் அடுத்த வீட்டுப் புரொக்டரும் மனைவியும் அதை நம்பி, கற்பூரச் சட்டிக்குக் காசு கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று கவலைப்பட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன புதன்கிழமை நான் சவரக் கத்தி வாங்கப் போகும்போது, ஸவாஹிர் தன் கடைவாசலில் நின்று றோட்டுக்கு மற்றப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஐயா! தாத்தா கடுதாசி போட்டீக்கிறா! அக்கா தச்ச சட்டைய எங்கட தெருவே பார்த்திச்சாம்! இன்னம் ரெண்டு நாள் நிக்கச் சொல்லியும் கேக்கல்லயாம், ரெயிலுக்கு நேரம் எழுதி வெச்சீக்கிறன் எண்டு பெய்த்தாவாம்!" புரொக்டர் எனக்கு இரண்டடி பின்னால் நின்றார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, நல்லூர் இப்போது காலிக்கு மாறிவிட்டதோ என்று கேட்டுவிட்டுப் போனார். துணி வியாபாரிகளுக்கு வாயை அளந்து வெட்டத் தெரியாது.

அட்டனிலிருந்து வந்த அட்டையைப் படித்தால் உனக்கு அருவருப்பாக இருக்கும். மயிலம்மா இவளைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "எம் புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இருந்த கையி, இப்ப கொழுந்துதான் கிள்ளுது அம்மா" என்று அழுதாளாம். லயத்தில் விடியற்காலம் ஒரே குளிராம், இரண்டு பேரும் ஒரு கம்பளிக்குள் படுத்தார்களாம். தோட்டத்துப் பெண்களோடு கொழுந்து மலைக்கு ஏறிப் பார்த்தாளாம், பாதியில் மூச்சு வாங்கிற்றாம், அவர்கள் நின்று நின்று கூட்டிப் போனார்களாம். சொன்னேனா இல்லையா, மூச்சு வாங்கும் உடம்பு என்று! ஆனால் மலை உச்சிக்கு ஏறியதாகவும் எழுதியிருக்கிறாள்.

கண்டியில் இரண்டு நாள். பெரஹரா கும்பல் போனபின் குளக்கரை முழுவதும் தனக்கே கிடைத்தது போல இருந்ததாம், பிள்ளையார் கோவில் மடத்தில் பாய் போட இடம் கிடைத்ததாம். மடத்தில்! ஒரு சுவாமியார்கூட இவ்வளவு துணிச்சலாக ஊர் சுற்ற மாட்டார்.

நேற்று ஒரு சின்ன அட்டை திருகோணமலையிலிருந்து வந்தது. ஒரே ஒரு வரி. "அண்ணை, கடலில் இறங்கினேன்." வேறொன்றும் இல்லை, சுகம்கூடக் கேட்கவில்லை. இதை எழுத ஒரு அட்டையா?

வீடு எப்படியோ நடக்கிறது. மருமகளின் இடியப்பத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அது நூலல்ல, கயிறு. கிணற்றில் வாளி கட்டலாம். சொதியைச் சரோஜினி எந்த நேரத்தில் இறக்குவாள் என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? தலைமைக் கிளாக்கை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வியா அது? கண் கலங்கிப் போனாள். இக்காலத்துப் பெண்களுக்குக் கண்ணீர் குழாயில் வருகிறது. பிறகு நானே போய், தேங்காய்ப் பாலை விட்டால் கொதிக்க விடக்கூடாது என்று ஞாபகம் என்று சொன்னேன். சரியாக வந்தது.

இருபத்தேழாம் தேதி திரும்பி வருவதாகக் கொப்பியில் இருக்கிறது. அந்தக் கொப்பியை அவள் கொண்டு போய்விட்டாள், ஆனால் அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம். வந்ததும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவளாக வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போவாள், அதோடு சரி.

உன் அண்ணன்,
நாகேந்திரம்


வெள்ளவத்தை,
27-9-1936

தம்பி,

ஒரு மாதமாக உனக்கு எழுதவில்லை என்று கோபிப்பாய். எழுத ஒன்றும் இருக்கவில்லை. இருபத்தேழாம் தேதி அவள் வரவில்லை.

அட்டை வந்தது. நிலாவெளியில் இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறேன், யோசிக்க வேண்டாம் என்று. யார் யோசித்தது? ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு இன்னொரு கிழமை. சின்னவன் தான் போய்ப் பார்ப்பதாகச் சொன்னான். நீ கந்தோருக்குப் போ, ஒரு பெண்ணைக் கூட்டி வர எனக்குத் தெரியும் என்று நானே புறப்பட்டேன்.

இரண்டாம் வகுப்பில்தான் போனேன். எதிரே இருந்த வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவன் பத்திரிகையை விரித்தவன் மாகோ ஸ்டேஷன்வரை மடிக்கவே இல்லை. கல்லோயாச் சந்தியில் வண்டி இரண்டாகப் பிரிகிறது, முன் பெட்டிகள் ஒரு பக்கம், பின் பெட்டிகள் ஒரு பக்கம். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் திருகோணமலைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு மட்டக்களப்புப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்டேஷன் கழிந்த பிறகு சீட்டுப் பார்க்க வந்தவன் சிரித்தான். சிரித்தவனின் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன். இறங்கிய ஸ்டேஷனில் உட்கார ஒரு வாங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி, நான். அன்று முழுவதும் அந்த வாங்கில் கிடந்தேன். போன வருஷம் காய்ச்சல் வந்து ஊரையே காலி பண்ணிய பகுதி, பகலிலேயே நுளம்பு கடித்தது. தண்டவாளத்தில் வேலை செய்யும் கூலியாள் ஒருவன் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் கொண்டு வந்து தந்தான். குடித்தேன். வேறு வழியில்லை.

திருகோணமலையில் ரெஸ்ட் ஹவுஸ் கடற்படை ஆட்களால் நிரம்பி இருந்தது. ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் மூட்டைப் பூச்சிகளோடு படுத்துவிட்டு, விடிந்ததும் மாட்டு வண்டி பேசி நிலாவெளிக்குப் போனேன். வண்டிக்காரன் பாதி வழியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் எங்கட ரீச்சரம்மாவின்ர அண்ணரோ?" என்று கேட்டான். முப்பத்திரண்டு வருஷம் கந்தோரில் நாகேந்திரம் ஐயா என்றால் கதவு திறந்துவிடுவார்கள். இந்தக் காட்டு வழியில் நான் ரீச்சரம்மாவின் அண்ணர். யாரடா ரீச்சர் என்று கேட்டேன். "சரோஜினி ரீச்சர். என்ர மூத்தவள் ரெண்டு கிழமையில பேர் எழுதப் பழகிட்டாள்" என்றான்.

விஷயம் இதுதான். நிலாவெளியில் வள்ளிப்பிள்ளை என்று ஒரு விதவை. திருகோணமலை ரயிலில் இவளோடு பழக்கமாகி, வீட்டில் தங்கச் சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறாள். இவள் வழக்கம் போலப் படுத்த இடத்துக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். அடுத்த நாள் ஊசியோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் தங்கள் பெண்பிள்ளைகளைக் கொண்டு வந்து, எழுத்தும் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரமாம். இப்போது பதினாலு பேர். சம்பளம் அரிசியும் மீனும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தராதரப் பத்திரம் ஒன்று கிடையாது, ரீச்சராம்!

நான் போன நேரம் அவள் வீட்டில் இல்லை. கடற்கரையில் என்றார்கள். போனேன். தம்பி, உன் அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வள்ளிப்பிள்ளையும் இன்னும் நாலைந்து பெண்களும் கூட. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, கொப்பியில் எழுதியிருந்தபடி குளம்தான். கரையில் நான் குடையோடு நின்றதைக் கண்டும் அவசரப்படவில்லை. ஒருதரம் தலையை முழுக்கி எழுந்து, முடியைப் பிழிந்துகொண்டு வந்து, "அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள். கறுத்துப் போயிருந்தாள். மெலிந்ததாகச் சொல்ல முடியாது.

சோறும் பாரை மீன் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டச் சொன்னேன். தான் வரவில்லை என்றாள். கோபத்தில் நான் கொஞ்சம் உரத்துப் பேசினேன், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் உனக்கு என்ன குறை வைத்தேன், கடல் வேண்டுமென்றால் அங்கே இல்லையா என்று கேட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "றெயில் பாதையைக் கடந்தாக் கடல், அண்ணை. இருபத்தைஞ்சு வருஷம் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் உங்களுக்குச் சமைச்சனான். ஒரு நாளாவது கால் நனைக்கப் போவமோ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ? நானும் கேக்கேல்லை. கேக்கலாம் எண்டே தெரியேல்லை" என்றாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் இந்த அளவில் கடிதத்தை முடித்திருப்பேன். அவள் நிறுத்தவில்லை. 1914இல் நீ உன்னோடு ரயில்வேயில் வேலை செய்த சிநேகிதனுக்கு இவளைக் கேட்டு எனக்கு எழுதினாயே, உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை, பிள்ளைகளோடு இருக்கவே ஆசைப்படுகிறாள் என்று பதில் வந்தது. அவள் கையெழுத்திலேயே வந்ததால் நீ மறுபடி கேட்கவில்லை.

அந்தப் பதிலைச் சொன்னவன் நான். அவளிடம் கேட்கவில்லை. வழக்கம் போலக் கிறுக்கிக் கொடுத்து, சுத்தமாக எழுதித் தா என்றேன். அவள் எழுதித் தந்தாள். உறையில் விலாசமும் எழுதினாள். எத்தனையோ கடிதங்களில் அதுவும் ஒன்று, எனக்கு மறந்தே போயிற்று. அப்போது சின்னவனுக்கு மூன்று வயது, பெரியவன் செங்கமாரியில் கண் மஞ்சளாகிக் கிடந்தான். நான் கந்தோருக்குப் போவதா, பிள்ளைகளைப் பார்ப்பதா? யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"எனக்கு விருப்பமில்லை எண்டு என்ர கையாலயே எழுதினனான் அண்ணை. ஒரு எழுத்துக்கூடப் பிழை விடேல்லை" என்றாள். ஒரு எழுத்து பிழை விட்டால் நீங்கள் திரும்ப எழுதச் சொல்லுவீர்கள், அதை இரண்டாம் தரம் எழுத என்னால் முடியாது என்று பயந்து பார்த்துப் பார்த்து எழுதினேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும்.

வள்ளிப்பிள்ளை என்பவள் அந்த நேரம் முழுவதும் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. படிக்காத சனங்களுக்கு விருந்தாளியை எப்படி நடத்துவதென்று தெரியாது.

நான் அடுத்த நாள் புறப்பட்டேன். தைமாதம்வரை நிற்பாளாம், பிறகு மட்டக்களப்பு பார்க்க வேண்டுமாம், அதன்பின் யோசிப்பாளாம். வெள்ளவத்தை அந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. வழிக்குப் புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தாள். எந்த வண்டி, எந்தப் பெட்டி, எங்கே மாற வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தாள். இங்கிலீசு படித்தவனுக்கு இவள் வழி எழுதித் தருகிறாள். பிழையில்லாமல் வந்து சேர்ந்தேன். காசு மிச்சம் பிடிக்க மூன்றாம் வகுப்பில்தான் வந்தேன். ஒரு குருநாகல் சிங்களக் கிழவி, மொழி தெரியாமலே, வாழைப்பழம் இரண்டு உரித்துக் கையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லும் சிங்களம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கு அங்கே காற்று ஒத்துக்கொள்கிறது என்று சொன்னேன். புரொக்டரிடமும் அதையே சொன்னேன், இந்த முறை நிலாவெளி என்றே சொன்னேன். ஸவாஹிர் துணிக்கடையில் பதினாலு பிள்ளைகளுக்கு ஊசியும் நூலும் கட்டி வைத்திருக்கிறார், அனுப்ப ஆள் தேடுகிறார். அவருக்கு வேறு வேலை இல்லை.

நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, உன் சிநேகிதனும் வேறிடத்தில் கட்டிப் பேரப்பிள்ளை கண்டுவிட்டான் என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். எனக்கு இதில் கவலை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கேள். இங்கே மழை ஓயும் காலத்தில் அந்தப் பக்கம் மழை பிடிக்குமாம். ஐப்பசி பிறந்தால் அந்தக் குளம் போன்ற கடல் வீட்டு வேலிவரை ஏறுமாம், வண்டிக்காரன் சொன்னான். வள்ளிப்பிள்ளையின் வீடு ஓலை. கூரையை நான் நிமிர்ந்து பார்த்தேன், இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. பனியும் ஈரமும் அவள் நெஞ்சுக்கு ஆகாது, உனக்குத் தெரியும்.

சிரம்பானில் நல்ல கம்பளி கிடைக்குமென்றால் ஒன்று வாங்கி நேரே நிலாவெளிக்கு அனுப்பு. கனமானதாகப் பார். விலையை எனக்கு எழுது. கூரை வேய்ந்தாயிற்றா என்றும், இருமல் இருக்கிறதா என்றும் அவளுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேள். பதில் வந்தால், முழுவதையும் எனக்கு எழுத வேண்டாம், அந்த இரண்டுக்கும் என்ன சொன்னாள் என்று மட்டும் எழுது. திரும்பி வா என்று எழுதிவிடாதே. நான் கேட்கச் சொன்னதாகவும் சொல்லாதே தம்பி, தயவு பண்ணி. உனக்கே தோன்றியது போல எழுது.

நல்லூரான் உங்கள் எல்லாரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மழை வருவதற்குள் எழுது.

நாகேந்திரம்